கடனை அடைப்பதா, முதலீட்டைத் தொடங்குவதா? சம்பளம் 20-ஆம் தேதியைத் தாண்டுவதில்லை

மாதக்கடைசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது ஆகிறது. வேலையில் சேர்ந்து இரண்டரை ஆண்டுகள் முடிந்துவிட்டன. என் வருமானம் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் மாதத்தின் 20-ஆம் தேதிக்குப் பிறகு வங்கிக் கணக்கில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருப்பதில்லை. மீதிப் பத்து நாட்களைக் கடன் அட்டையை வைத்துத்தான் ஓட்டுகிறேன். கடந்த மாதம் 23-ஆம் தேதி மருந்துக் கடையில் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு அட்டையை நீட்டியபோது, வரம்பு முடிந்துவிட்டது என்று இயந்திரம் மறுத்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவர் ஒருவர், நான் கேட்காமலேயே, தாம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அன்று இரவு முழுவதும் எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதன்முறையாகத் தாளில் எழுதிப் பார்த்தேன்.

தொகையைச் சொல்வதைவிடப் பங்குகளாகச் சொன்னால் எல்லோருக்கும் புரியும் என்று நினைக்கிறேன். என் மாதச் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், வீட்டு வாடகைக்கும் மின்சாரம் போன்றவற்றுக்கும் 28, பெற்றோருக்கு 20, சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் 25, கைப்பேசித் தவணைக்கு 9, கடன் அட்டையின் குறைந்தபட்சத் தொகைக்கு 7.5 என்று போகிறது. மீதமுள்ள பத்தரைப் பங்கு எங்கே போகிறது என்பது எனக்கே தெரியவில்லை.

அட்டையில் உள்ள நிலுவை 150 பங்கு, அதாவது ஒன்றரை மாதச் சம்பளம். பல் சிகிச்சைக்காகத் தொடங்கியது, நண்பர்களுடன் சென்ற ஒரு பயணத்தில் வளர்ந்தது, பிறகு மாதக் கடைசிச் செலவுகளால் இங்கு வந்து நிற்கிறது. மாதத்துக்கு 3 சதவீத வட்டி. ஒரு மாதம்கூடத் தவறாமல் 5 சதவீதக் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வருகிறேன். கைப்பேசிக்கு இன்னும் நான்கு தவணைகள் பாக்கி. அது வட்டியில்லாத் தவணை, தொடக்கத்தில் ஒரு செயல்முறைக் கட்டணம் மட்டும் வாங்கினார்கள். இவற்றோடு, வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் போட்ட வைப்புத்தொகை ஒன்று 80 பங்கு அளவுக்கு இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி வருகிறது. என் கையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்பதால் அதைத் தொட மனம் வரவில்லை.

உடன் வேலை செய்யும் ஒருவர், இளமையிலேயே முதலீட்டைத் தொடங்காவிட்டால் பின்னால் வருந்த வேண்டியிருக்கும் என்று சொல்லி, மாதம் 10 பங்கை ஒரு திட்டத்தில் போடச் சொல்கிறார். மாதந்தோறும் 8 சதவீத லாபம் உறுதி என்கிறார். இவற்றில் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பேரேடு பதிலளித்தது:

தம்பி, எழுதிப் பார்த்ததே பெரிய காரியம். நான் 19 ஆண்டுகள் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை செய்தவள். கடனில் சிக்கி எங்கள் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தாங்கள் மொத்தமாக எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதே தெரியாது. நீங்கள் கடைசிப் பங்குவரை கணக்கோடு வந்திருக்கிறீர்கள், ஆகவே நானும் கணக்கோடேயே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குறைந்தபட்சத் தொகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை ஒழுங்காகக் கட்டுவதால் நீங்கள் கடனை அடைத்து வருவதாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். 150 பங்கு நிலுவையில் 7.5 கட்டினால் 142.5 நிற்கும், அதன்மேல் 3 சதவீத வட்டி ஏறி, அடுத்த மாதப் பட்டியலில் ஏறக்குறைய 146.8 என்று வரும். ஏழரை கொடுத்தீர்கள், குறைந்தது மூன்றேகால்தான். இப்படியே, புதிதாக ஒரு செலவும் செய்யாமல், ஓராண்டு முழுவதும் குறைந்தபட்சத்தையே கட்டிக்கொண்டு போனால் நீங்கள் கொடுத்திருப்பது 80 பங்கு, கடன் குறைந்திருப்பது 34 பங்கு. கடன் பாதியாவதற்கே 32 மாதங்கள் ஆகும். நிலுவை குறையக் குறைய நீங்கள் கட்ட வேண்டிய 5 சதவீதமும் சிறுத்துக்கொண்டே போவதால்தான் இது இழுத்துக்கொண்டே போகிறது. அந்தத் தொகை, நீங்கள் தவறியவர் என்று பதிவாகாமல் இருப்பதற்கான தொகை. கடனை முடிப்பதற்காக வகுக்கப்பட்டதன்று.

மாதம் 3 சதவீதம் என்பது ஆண்டுக்கு 36 சதவீதம் என்று தோன்றும். வட்டிக்கும் வட்டி சேர்வதால் அது உண்மையில் 42.6 சதவீதம். ஒரு பக்கம் 6 சதவீதம் தரும் வைப்புத்தொகையை வைத்துக்கொண்டு, மறுபக்கம் 42 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வைப்புத்தொகை உங்களுக்குத் தரும் தைரியம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தத் தைரியத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை மிக அதிகம்.

நான் சொல்வது இதுதான். அட்டையை இன்றோடு எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பழைய நிலுவை இருக்கும்வரை, பெரும்பாலான அட்டைகளில் புதிய செலவுகளுக்கு வட்டியில்லாக் காலம் கிடைப்பதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அதாவது மாதக் கடைசியில் நீங்கள் அட்டையைத் தேய்த்து வாங்கும் ஒவ்வொரு பொருளும் முதல் நாளே வட்டிக் கடனாகிறது. இப்போது கட்டும் ஏழரையோடு, எங்கே போகிறது என்று தெரியாத அந்தப் பத்தரையையும், வேறு எங்காவது இன்னும் இரண்டு பங்கையும் பிடித்துச் சேர்த்து, மாதம் 20 என்று நிலையாக வையுங்கள். நிலுவை எவ்வளவு குறைந்தாலும் 20 என்பது குறையக் கூடாது. அப்படிச் செய்தால் ஒன்பதாம் மாதத்தில் கடன் முடியும். மொத்தம் 167 பங்கு கட்டியிருப்பீர்கள். வைப்புத்தொகையிலிருந்து 60 பங்கை முதல் மாதமே எடுத்து, இந்த 20-உடன் சேர்த்துக் கடனில் கட்டினால், ஐந்தாம் மாதத்தில் முடியும். மொத்தம் 155 பங்கு. வைப்பை முன்கூட்டியே முறிப்பதால் வட்டியில் கொஞ்சம் குறைக்கப்படும், அதை வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அது இந்த வேறுபாட்டுக்குப் பக்கத்தில்கூட வராது.

வங்கியே உங்களை அழைத்து, நிலுவையைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லக்கூடும். அது நல்ல வாய்ப்பாகவும் இருக்கலாம். ஆனால் "வட்டி, குறையும் அசலின் மீதா, தொடக்க அசலின் மீதா" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொடக்க அசலின் மீது 12 சதவீதம் என்று கணக்கிட்டு 12 தவணைகளாகப் பிரித்தால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 21.5 சதவீதத்தை ஒட்டி வரும். மாதந்தோறும் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் முழு அசலுக்கும் கணக்கிடப்படுகிறது என்பதே காரணம். அப்போதும் அது உங்கள் அட்டை வட்டியைவிடக் குறைவுதான். ஆனால் 12 என்று நம்பிக் கையெழுத்திடுவதும் 21 என்று அறிந்து கையெழுத்திடுவதும் ஒன்றல்ல.

கைப்பேசித் தவணையை அப்படியே விடுங்கள். வட்டி இல்லாத கடனை முந்திக் கட்டுவதில் லாபம் ஏதும் இல்லை.

இறுதியாக அந்தத் திட்டம். மாதம் 8 சதவீதம் என்றால் கூட்டு வட்டியில் ஓராண்டில் பணம் இரண்டரை மடங்காக வேண்டும். நேர்மையான எந்தத் தொழிலும் இதை "உறுதி" என்ற சொல்லோடு தர முடியாது. 1920-இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பான்சி என்பவர் 45 நாட்களில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்களிடம் பணம் திரட்டினார்; முன்னால் சேர்ந்தவர்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்களின் பணத்தை எடுத்துக் கொடுத்தார்; சில மாதங்களில் எல்லாம் சரிந்தது. இந்த வகை மோசடிக்கே அவருடைய பெயர் நிலைத்துவிட்டது. உங்களிடம் சொல்பவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட திட்டங்களில் முதல் சில மாதங்கள் பணம் சரியாக வரும் என்பதால், அவரும் மனதார நம்பியே சொல்லிக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து அதில் ஒரு பங்குகூடப் போடாதீர்கள்.

மெல்லநட பதிலளித்தது:

மேலே சொல்லப்பட்ட கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஓரிடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். 80-இல் 60-ஐ எடுத்துவிட்டால் கையில் நிற்பது 20. நீங்கள் தனியாக வசிப்பவர். வாடகையே 28 கொடுக்கிறீர்கள். ஒரு மாத வாடகைக்குக்கூடப் போதாத கையிருப்போடு அட்டையைப் பூட்டி வைப்பது, என் அனுபவத்தில், நீண்ட நாள் நிற்காது. நானும் ஒருமுறை இருந்த சேமிப்பை முழுவதும் வழித்தெடுத்துக் கடனை அடைத்தேன். மூன்றே வாரத்தில் வாகனம் பழுதாகி, அதே அட்டையில் அதே அளவு கடன் மீண்டும் ஏறியது. பணம் போனதைவிட, என்னால் இது ஆகாது என்ற எண்ணம் வந்ததுதான் என்னை ஓராண்டு பின்னுக்குத் தள்ளியது. ஆகவே 30 பங்கையாவது விட்டுவைத்து, 50-ஐ மட்டும் எடுங்கள் என்பேன். வட்டி சற்றுக் கூடுதலாகப் போகும், போகட்டும்.

இன்னொன்று அந்தப் பத்தரைப் பங்கைப் பற்றி. அது எங்கே போகிறது என்று தெரியாமல் அதைக் கடனுக்குத் திருப்ப முடியாது. வேறொரு வாசலில் வெளியேறிவிடும். ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், ஒவ்வொரு செலவையும் செலவு செய்த அன்றே கையால் எழுதுங்கள். செயலிகள் எத்தனையோ இருக்கின்றன, தாமே பிரித்துப் பட்டியல் போட்டும் தருகின்றன. ஆனால் அந்தப் பட்டியலை நாம் படிப்பதில்லை. 1904-இல் ஜப்பானில் ஹானி மோட்டோக்கோ என்ற பெண் பத்திரிகையாளர் குடும்பங்களுக்கான கணக்கேடு ஒன்றை வடிவமைத்து வெளியிட்டார். கக்கேய்போ என்று அழைக்கப்படும் அந்த முறையை இன்றும் பலர் கையால் எழுதியே பின்பற்றுகிறார்கள். எழுதும் கை ஒரு நொடி தயங்கும், அந்தத் தயக்கத்துக்காகத்தான் எழுதச் சொல்கிறேன்.

நான் எழுதியபோது கண்டுபிடித்தவை எல்லாம் சிறியவை. பார்க்காமலேயே மாதந்தோறும் பிடித்தமாகிக்கொண்டிருந்த மூன்று சந்தாக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றை இலவசச் சோதனைக் காலத்தில் தொடங்கி மறந்தே போயிருந்தேன். களைப்பாக இருந்த மாலைகளில் வரவழைத்த சாப்பாடு, அதன் விநியோகக் கட்டணம் எல்லாம் ஒரே கிழமையில் குவிந்திருந்தன. வியாழக்கிழமை. அன்று எனக்கு வேலை அதிகம். புதன் இரவே வியாழனுக்கும் சேர்த்துச் சமைத்து வைத்தேன். அந்தச் செலவு பாதியாகக் குறைந்தது. இப்படி ஒன்று உங்கள் ஏட்டிலும் இருக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பதற்கு முதலில் எந்த ஆற்றில் போடுகிறோம் என்று தெரிய வேண்டுமே.

படவரைஞர் பதிலளித்தது:

எனக்கு மாதச் சம்பளம் கிடையாது, படம் வரைந்து கொடுத்து வாழ்கிறேன். உங்கள் நிலைக்கு நேரடியாகப் பொருந்தாது என்றாலும், என்னிடம் உள்ள ஒரு பழக்கம் உங்களுக்கு உதவக்கூடும். வருமானம் ஒரு கணக்கில் வந்து விழும். அங்கிருந்து மாதத்தின் முதல் நாள் ஒரு நிலையான தொகையை இன்னொரு கணக்குக்கு மாற்றிக்கொள்வேன். அந்த இரண்டாவது கணக்கின் அட்டை மட்டுமே என் பணப்பையில் இருக்கும். கடந்த ஓராண்டில் எனக்கு மிகக் குறைவாக வருமானம் வந்த மாதம் எதுவோ, அதை வைத்துத்தான் அந்தத் தொகையை முடிவு செய்கிறேன்.

உங்களைப் பொறுத்தவரை, சம்பளம் வந்த மறுநாளே கடனுக்கான 20 தானாகப் பிடித்தமாகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். மாத இறுதியில் மிஞ்சுவதைக் கட்டலாம் என்று வைத்தால் எதுவும் மிஞ்சாது. அதோடு, ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீடு, வரி, பயணம் போன்ற செலவுகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தப் பங்கையும் மாதந்தோறும் ஒதுக்குங்கள். என்னை முன்பு திரும்பத் திரும்பக் கடனில் தள்ளியவை இந்த ஆண்டுச் செலவுகள்தாம். எதிர்பாராதவை என்று அவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் ஒவ்வொன்றும் அதே மாதத்தில் அதே தேதியில்தான் வந்துகொண்டிருந்தது.

பழைய கடனாளி பதிலளித்தது:

ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் வயதில் நான் ஒரு நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் மூன்றாம் தவணையிலேயே நிறுத்திவிட்டார். நான்கு ஆண்டுகள் என் சம்பளத்திலிருந்து கட்டினேன். ஜாமீன் என்றால் அறிமுகம் செய்து வைப்பது என்று அன்று நினைத்திருந்தேன். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் முழுத் தொகைக்கும் நாமே கடனாளி என்று அந்தத் தாளில் தெளிவாகவே எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. உங்கள் கடன் தீர்ந்து கணக்கு சீராகத் தெரியத் தொடங்கியதும் இப்படி யாராவது கேட்டு வருவார்கள். உதவ விரும்பினால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். கையெழுத்து வேண்டாம்.

மாதக்கடைசி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பேரேடு அக்கா போட்ட கணக்கை நேற்று நானே மீண்டும் போட்டுப் பார்த்தேன். மெல்லநட சொன்னதுபோல வைப்பிலிருந்து 50-ஐ மட்டும் எடுத்து, மாதம் 20 கட்டினால், நான்காம் தவணைக்குப் பிறகு நிலுவை 26.4 பங்காக இருக்கும். அதற்குள் கைப்பேசித் தவணை முடிந்து 9 பங்கு விடுபடுவதால், ஐந்தாம் மாதம் 29 வரை கட்ட முடியும். எனவே இந்த வழியிலும் அதே ஐந்தாம் மாதத்தில் முடிந்துவிடுகிறது. கூடுதலாகப் போவது ஒன்றேகால் பங்கு அளவுதான். கையில் 30 இருக்கும். இதையே செய்யப்போகிறேன்.

அந்தத் திட்டத்தில் சேரவில்லை என்று உடன் வேலை செய்பவரிடம் சொல்லிவிட்டேன். பான்சியைப் பற்றியும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் மாலையில் வந்து, போட்ட பணத்தை எப்படித் திரும்பக் கேட்பது என்று விசாரித்தார்.

இரண்டு சந்தேகங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பெற்றோருக்குத் தரும் 20 பங்கை இந்த ஐந்து மாதங்களுக்குக் குறைத்துக்கொள்ளலாமா என்று அவர்களிடம் கேட்பது தவறா? கடன் முடிந்த பிறகு மாதம் கையில் நிற்கும் 29 பங்கை என்ன செய்வது?

பேரேடு பதிலளித்தது:

பெற்றோரிடம் பணத்தைக் குறைக்கக் கேட்பதற்கு முன்னால் கடன் இருப்பதைச் சொல்லுங்கள். சொல்லாமல் குறைத்தால் அவர்கள் வேறு எதையாவது நினைத்து வருந்துவார்கள். உங்கள் திட்டம் குறைக்காமலேயே ஐந்து மாதத்தில் முடிகிறது என்பதால், என் கருத்தில் அதைத் தொட வேண்டிய தேவை இல்லை. அவர்கள் அந்தத் தொகையை நம்பி வாழ்கிறார்களா, உங்கள் பெயரில் சேர்த்து வைக்கிறார்களா என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் பிள்ளைகள் வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்க, பெற்றோர் அவர்கள் அனுப்பிய பணத்தையே சேமித்து வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடன் முடிந்த பிறகு, 29-இல் 20-ஐ அவசர கால நிதிக்கு வையுங்கள். மூன்று மாதச் செலவு சேரும்வரை வேறு எதிலும் போட வேண்டாம்; சம்பளத்தை அல்ல, செலவை வைத்துக் கணக்கிடுங்கள். அது சேர்ந்த பிறகு, ஓய்வுக்காலத்தை நினைத்து நீண்ட கால முதலீட்டைத் தொடங்கலாம். அப்போது அந்த முதலீட்டை நடத்துபவர்கள் பிடிக்கும் கட்டணத்தைப் பாருங்கள். 1976-இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனர் ஜான் போகிள் பொதுமக்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டை, அதாவது சந்தைக் குறியீட்டில் உள்ள நிறுவனப் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிதியை, தொடங்கியபோது முன்வைத்த வாதமே அதுதான்: சந்தையை வெல்ல முயல்வதைவிட, சந்தை தருவதைக் குறைந்த செலவில் பெற்றுக்கொள்வது. ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் பணம் 30 ஆண்டுகளில் 7.6 மடங்காகும், அதில் ஒரு சதவீதம் கட்டணமாகப் போனால் 5.7 மடங்குதான். ஒரு சதவீதம் என்று கேட்கும்போது சிறிதாகத் தெரியும், ஆனால் முடிவில் கால் பங்கு போய்விடுகிறது.

சம்பள உயர்வு வரும்போது, அது கைக்கு வருவதற்கு முன்பே அதில் பாதியைச் சேமிப்புக்குத் திருப்பும்படி ஏற்பாடு செய்யுங்கள். ரிச்சர்டு தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி ஆகிய இரு பொருளியலாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வருங்காலச் சம்பள உயர்வுகளிலிருந்து சேமிப்பைக் கூட்டிக்கொள்ள முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பணியாளர்களின் சேமிப்பு, 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்திருந்தது. கையில் இருப்பதைக் குறைக்கச் சொன்னால் மனம் ஒப்பாது. இன்னும் வராததை ஒதுக்கி வைக்க ஒப்புக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று, இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஐந்தாம் மாதம் பட்டியலில் உள்ள முழுத் தொகையையும் கட்டிவிடுவீர்கள். அதற்கு அடுத்த மாதம் ஒரு சிறு தொகை மீண்டும் வரும். பட்டியல் தயாரான நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையிலான வட்டி அது. கடன்தான் முடிந்துவிட்டதே என்று அந்தப் பட்டியலைத் திறக்காமல் விட்டுவிட்டால், தாமதக் கட்டணம் சேர்ந்து, தவறியவர் என்றும் பதிவாகிவிடும். ஆறாம் மாதப் பட்டியலையும் ஏழாம் மாதப் பட்டியலையும் திறந்து பாருங்கள். ஏழில் நிலுவை சுழியம் என்று இருந்தால், அன்றே வங்கியை அழைத்து அட்டையின் வரம்பை உங்கள் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவின் அளவுக்குக் குறைத்துவிடச் சொல்லுங்கள்.